நூற்று நாற்பத்தொன்று

பதினோரு பருவம் அவனுக்கு முன்னால் நின்றேன்.
அவன் பாய்ந்து நான் பார்த்தது குறைவு.
நடுத்தடுப்பாளனுக்கு வாய்த்தது அவ்வளவுதான்:
முகத்துக்கு நேரே எதிரியின் முழங்கால்,
முதுகுக்குப் பின்னால் எவால்ட் கொசியோலின் குரல்.

பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான்.
வாரம் ஆறு நாள் ஃப்ரீடா சுரங்கத்து விளக்கறையில்
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவன்.
இறங்குகிறவன் கையில் விளக்கு,
ஏறி வந்தவன் விளக்குக்குக் கொக்கி.
ஆயிரத்து இருநூறு கொக்கி. எல்லாவற்றுக்கும் எண்.
ஞாயிற்றுக்கிழமையும் அதே எண்ணில்தான் எங்களை விரட்டுவான்.
"நூற்று நாற்பத்தொன்று, இடது!"
இடது போவேன். பந்து அங்கே வந்து சேரும்,
சொன்ன நேரத்துக்கு வரும் டிராம் மாதிரி.

பத்திரிகைக்காரர்கள் அவன் கைகளைப் பற்றி எழுதினார்கள்.
மொத்தம் ஒன்பது விரல்.
இடது சுண்டுவிரல் உரால் பக்கம்
ஏதோ ஒரு கைதிமுகாமின் பனியில் தங்கிவிட்டது.
அதனால் இடப்பக்கம் வந்ததைப் பிடிக்க மாட்டான், குத்துவான்,
கதவைத் தட்டுகிறவன்போல் அல்ல, உடைக்கிறவன்போல.
வலப்பக்கம் வந்ததை நெஞ்சில் சேர்த்துக்கொண்டு
கரிச்சாம்பல் தரையில் உருண்டு
அடைகாக்கும் கோழியாய்க் கொஞ்சம் கிடப்பான்.
உயரமில்லை. வேகமென்றும் சொல்ல முடியாது.
அடிப்பவனின் இடுப்பைத்தான் பார்ப்பான்.
கால் பொய் சொல்லுமாம், இடுப்புக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லையாம்.
என் மனைவி ஹெட்விக் இதைக் கேட்டு
ஒரு வாரம் சிரித்தாள்.

ஐம்பத்து மூன்றில் தேசிய அணித் தேர்வுக்குத் தந்தி வந்தது.
டூயிஸ்பர்க்கில் நாற்பது நிமிடம், ஒரு கோலும் வாங்கவில்லை.
பிறகு ஒரு கனவான் கையுறையைக் கழற்றச் சொன்னாராம்.
திங்கள் காலை விளக்கறையில் இருந்தான்.
"நூற்று நாற்பத்தொன்று, கண்ணாடியைத் துடைத்துக் கொண்டு வா."
வேறெதுவும் பேசவில்லை.

கோல் விழுந்தால் கத்த மாட்டான்.
வலைக்குள் குனிந்து, எடுத்து, நடுவட்டத்துக்கு உருட்டுவான்.
திரும்பி வருகிற எதையும் அவன் மதித்தான் என்று நினைக்கிறேன்,
வலைக்குள்ளிருந்து வந்தாலும்.

ஐம்பத்தாறு பிப்ரவரி, வெள்ளி இரவுப் பணி, ஐந்தாம் தளம்.
நான்கு கொக்கி காலி.
சனி முழுக்க ஜன்னலைச் சாத்தாமல் நின்றான்.
எண்பத்தெட்டு, புருனோ லிப்கா,
எங்கள் இடது பின்வரிசை.

ஞாயிறு ஆட்டம் நடந்தது. ஏன் நடத்தினார்கள் என்று இன்றும் தெரியாது.
புஜத்தில் கறுப்புத் துணி. புருனோவின் இடத்தில்
மிரண்ட கண்ணோடு ஒரு பத்தொன்பது வயதுப் பையன்.
முதல் பாதி முழுக்கப் பின்னால் குரலே இல்லை.
காதில் தண்ணீர் புகுந்தவன்போல ஓடினேன்.
இரண்டாம் பாதியில் மழை.
அவர்களுடைய வலதோர ஆள் பிய்த்துக்கொண்டு வந்தபோது
"எண்பத்தெட்டு!"

பையனுக்குப் புரியவில்லை, அவன் எண் முந்நூறுக்கு மேலே.
போனது நான்.
தொடையில் பட்டுப் பந்து வெளியே போயிற்று.
அன்றுதான் திரும்பிப் பார்த்தேன்.
எவால்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்,
ஜன்னலுக்கு இந்தப் பக்கம் விளக்குக்காகக் காத்திருப்பவன்போல.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

புதிய லீக் வந்தபோது எங்களை யாரும் கூப்பிடவில்லை.
சுரங்கத்தை மூடியபோது கூப்பிட்டார்கள், கையெழுத்துப் போட.
இப்போது அவன் நகராட்சி நீச்சல்குளத்தில் அலமாரிச் சாவி கொடுக்கிறான்.
போன வாரம் போனேன். எனக்கு நீந்தத் தெரியாது.
அங்கே எண் எண்பதோடு முடிகிறதாம்.
"எது வேண்டும்?"
"எது காலியோ அது" என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது.

சாவியைக் கொடுத்தான். துண்டும் கொடுத்தான்.
தண்ணீர் ஓரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்
திருப்பிக் கொடுத்தேன்.
கொக்கியில் மாட்டினான்.
பிறகு, ஒன்பதில் ஒரு விரலால்,
இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான்.